ரிஜிஸ்தர் மாமா கேட்ட கேள்வி

என் நிச்சயதார்த்தத்தன்று, சபை நடுவே, பெரிய மாமா என் இடது கைப் பெருவிரலைப் பிடித்துக் குங்குமத் தட்டில் ஓர் அழுத்து அழுத்தினார்.

கூடம் நிறைய ஜனம். வேலூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஜமக்காளத்தில், எங்கள் ஆட்கள் எதிர் ஜமக்காளத்தில். நடுவில் தாம்பாளங்கள், வாழைப்பழம், சாமந்திப் பூ. பக்கத்து மாதா கோயில் மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. கல்யாணத் தேதி எழுதிய லக்னப் பத்திரிகையை மாமா வாசித்து முடித்தார். வாசித்த கையோடு என் விரலைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்.

"ஸ்வந்த இஷ்டதிந்த தானே? யாராதரூ பலவந்த மாடிதாரா?"

உன் சொந்த இஷ்டத்தோடுதானே, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று அர்த்தம்.

பெண்ணைப் பெற்ற எவரும் சபையில் கேட்கவிடாத கேள்வி. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தப் பதிலுக்கு வருமுன் மாமாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் எங்கள் காக்ஸ் டவுன் வீட்டின் ஒழுகும் கூரையைப் பற்றியே எழுதிப் பக்கத்தை நிரப்பிவிட்டு, மாமாவை முன்னறையில் உட்காரவைத்து விட்டுப் போய்விட்டேன். ஒரு வாரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், பாவம்.

விரலைப் பிடித்துக் கேட்பவர்

மாமா அம்மாவின் அண்ணன். தெய்வசிகாமணி என்று பெயர். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சப் ரிஜிஸ்தராராக இருந்ததால் தெருவுக்கே ரிஜிஸ்தர் மாமா.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மைசூரில் மகாராஜா ஆட்சி. நடுவில் சுதந்திரம் வந்தது, ராஜ்யத்தின் எல்லை மாறியது, ஆபீஸ் சுவரில் படங்கள் மாறின. மாமா கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை.

நிலமோ வீடோ கைமாறும்போது பத்திரத்தை அவர் முன்னால் வைப்பார்கள். எழுதிக்கொடுப்பவரை எதிரே நிறுத்தி, பத்திரத்தை உரக்க வாசித்து, மனப்பூர்வமாகத்தான் கொடுக்கிறாரா என்று கேட்டு, இடது பெருவிரல் ரேகை வாங்கி, முத்திரை குத்த வேண்டும். மற்ற அதிகாரிகள் கேள்வியைக் கேட்டபின் விரலைப் பிடிப்பார்கள். மாமா விரலைப் பிடித்துக்கொண்டு கேள்வியைக் கேட்பார்.

"வாய் பொய் சொல்லும்மா. விரலு சொல்லாது. பயந்தவன் விரலு ஜில்லுனு இருக்கும்" என்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டால், "என் கேள்விக்குத் தயங்காம பதில் சொல்ற பொண்ணு கெடைக்கல" என்று சிரிப்பார். எங்கள் வீட்டு முன்னறைதான் அவருக்கு வீடு. தினமும் காலையில் டிபன் காரியருடன் பஸ் ஏறி, சந்தாபுராவில் இறங்கி, அங்கே ஒரு காபி குடித்துவிட்டு, ஆனேக்கல் பக்கம் இருந்த தன் ஆபீசுக்குப் போவார். சாயங்காலம் அவர் சட்டையில் மை வாசனையும் பஸ் புழுதியும் கலந்து வரும். அந்த வாசனை வந்தால்தான் எங்கள் வீட்டில் விளக்கேற்றுவார்கள்.

உப்பிட்டுக்குச் சட்டம் உண்டா?

இங்கே ஒரு கிளைக்கதை. சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

ஒருநாள் ஒரு கிழவியை அவள் மகன்கள் மாமாவின் ஆபீசுக்கு அழைத்து வந்தார்கள். நிலத்தையெல்லாம் மகன்கள் பேருக்கு எழுதிக்கொடுக்கிறாளாம். மாமா வாசித்தார், விரலைப் பிடித்தார். விரல் ஜில்லென்று இருந்தது. உடனே மகன்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். "பக்கத்துல ஆள் இருந்தா வாக்குமூலம் செல்லாது" என்பது அவர் வைத்திருந்த இன்னொரு சட்டம். அரசாங்கம் எழுதியதா, இவரே எழுதியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கிழவி, இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டாள். மாமா முத்திரையை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். மகன்கள் வாசலில் நின்று கத்திய கத்தலுக்குச் சந்தையே திரும்பிப் பார்த்ததாம்.

அவரெக்காய் என்கிற மொச்சைக்காய் சீசன் வந்ததும் கிழவி முந்தானை நிறைய அவரெக்காயோடு வந்து நின்றாள். மாமா கும்பிட்டு, "இது லஞ்சம்மா, எடுத்துட்டுப் போ" என்றார். கிழவி போகவில்லை. ஆபீஸ் வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து அத்தனையையும் உரித்தாள். எங்கேயோ எழுந்து போனாள். மத்தியானம் வாழையிலையில் ஆவி பறக்க அவரெக்காய் உப்பிட்டோடு, நம் உப்புமாதான், திரும்பி வந்து மேஜைமேல் வைத்தாள்.

"காய்தானே பேடா அந்தெ?" காயைத்தானே வேண்டாம் என்றாய் என்கிறாள். "இது உப்பிட்டு. இதுக்குச் சட்டம் இருந்தா காட்டு."

மாமா சட்டப் புத்தகத்தை எடுத்து நிஜமாகவே புரட்டிப் பார்த்தார். காணவில்லை. சாப்பிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் விரலை முகர்ந்து காட்டுவார். கை கழுவி எத்தனையோ வருஷம் ஆன விரல்!

ஓய்வு கொடுத்தார்கள், எங்களுக்கு ஓய்வு போயிற்று

என் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய மாதம்தான் மாமா ஓய்வு பெற்றார். ஆபீசில் மாலை போட்டு, கைத்தடி ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். நடை நன்றாகத்தான் இருந்தது அவருக்கு. ஆகவே அந்தத் தடியால் கொடித் துணி எடுத்தோம்.

மறுநாள் காலை வழக்கம்போல் குளித்து, சட்டை போட்டு, டிபன் காரியருடன் வாசலில் நின்றார். அம்மா, "எங்க அண்ணா?" என்று கேட்டதும் திரும்பி உள்ளே வந்து, முன்னறையில் உட்கார்ந்து அதே காரியரைத் திறந்து அங்கேயே சாப்பிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அந்த இரக்கம் ரொம்ப நாள் நீடிக்க அவர் விடவில்லை.

கேட்க ஆள் இல்லாமல் போன கேள்வி வீட்டுக்குள் புகுந்தது. பால்காரரின் எருமையிடம் கேட்டார். வெண்டைக்காய் விற்க வந்தவளிடம் கேட்டார். அம்மா தொடர்ந்து உப்புமாவே போட்டபோது அப்பாவிடம் கேட்டார்.

"சொந்த இஷ்டத்தோடதான் சாப்பிடறீங்களா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு, "இஷ்டம்தான் மச்சான்" என்றார்.

"செல்லாது. பக்கத்துல ஆள் இருக்கு" என்றார் மாமா.

அம்மா கரண்டியைக் கீழே போட்ட சத்தம் பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சருக்குக் கேட்டு, என்னவோ ஏதோ என்று அவர் ஓடிவந்தார்.

எனக்கு இருந்த ஒரே பயம்

இனி என் கதை. நான் அப்போது காலேஜில் கடைசி வருஷம். பாட்டனி. எங்கள் குடும்பத்தில் பெண் ஒருத்தி அவ்வளவு தூரம் வந்தது அதுவே முதல் தடவை. பரீட்சை சித்திரையில். பாடத்துக்காக நான் சேர்த்த செடிகொடிகள் பழைய பேப்பருக்குள் அமுங்கி, என் மெத்தைக்கு அடியில் கிடந்தன. அந்தக் காய்ந்த இலை வாசனையில்தான் தூங்குவேன்.

மாப்பிள்ளைக்கு ஓசூர் ரோடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெயரைக் கேட்காதீர்கள். இத்தனை வருஷம் அவர் பெயரைச் சொல்லாமலே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், பத்திரிகைக்காக மாற்ற முடியாது. பெண் பார்க்க வந்தபோது அவர் கேசரியைத்தான் பார்த்தார், நான் அவர் காதைத்தான் பார்த்தேன். அழகான காது. ஆளைப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் கல்யாணத்தைத் தையிலேயே வைத்துவிட்டார்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு எதுக்குங்க?" என்று வேலூர்க்காரர், அதாவது மாப்பிள்ளையின் அப்பா, கேட்க, அப்பா தலையாட்டிவிட்டார். தை வந்தால் பரீட்சை இல்லை. நிச்சயதார்த்தத்துக்காக வீட்டை ஒழித்தபோது அம்மா என் மெத்தையைத் தூக்கி, "இந்தக் குப்பை இனிமே எதுக்கு?" என்று என் இலைகளைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தாள். நான் போய் எடுத்துவந்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். இதெல்லாம் நடந்தும் ஒருவர்கூட என்னை, உனக்குச் சம்மதமா என்று கேட்கவில்லை.

முதல்முதலில் கேட்டவர் மாமாதான்.

சபையில் நடந்த விசாரணை

லக்னப் பத்திரிகையை வாசிக்கச் சொல்லி மாமாவிடம் கொடுத்தது அப்பாதான். "உரக்கப் படிக்கிறது உங்களுக்குக் கைவந்த கலையாச்சே." காகிதம் கைக்கு வந்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் மாறிவிட்டது. ஒரு மாதமாக எங்கேயோ தொலைந்து போயிருந்த சப் ரிஜிஸ்தரார் திரும்பி வந்துவிட்டார். வாசித்த வேகத்தில் கை தானாக நீண்டது, மைக்குப் பதில் குங்குமம், வாய் தானாகக் கன்னடத்தில் கேட்டது.

என் விரல் ஜில்லென்று இருந்தது. அதை அவர் உணர்ந்ததை நான் பார்த்தேன்.

"பலவந்த மாடிதாரெ" என்றேன். கட்டாயப்படுத்தினார்கள்.

"யாரு?"

"எல்லாரூ."

எங்கள் ஜமக்காளம் அப்படியே உறைந்துபோயிற்று. எங்கள் ஆட்களுக்குக் கன்னடம் தமிழ் மாதிரி. வேலூர் ஜமக்காளமோ முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா முன்னால் குனிந்து, "இன்னாங்க அது? இன்னா கேக்குறாரு?" என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். எஸ்தர் டீச்சர்தான் கணீரென்று, "அது மைசூர் முறைங்க. இந்தப் பக்கத்துல நிச்சயத்துக்கு இப்படித்தான் கேப்பாங்க" என்றார். பிறந்ததிலிருந்து பொய்யே பேசாத அம்மாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இதற்காக வெகுநேரம் முழங்கால் போட்டிருந்ததாகப் பின்னால் சொன்னார்.

"முறையா? பேஷா நடக்கட்டும்!" என்று வேலூர்க்காரர் பயபக்தியோடு கையைக் கட்டிக்கொண்டார்.

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "மச்சான், போதும்" என்றார். மாமாவுக்கு அப்போதுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. சிரித்து மழுப்பியிருக்கலாம். என் விரலை விட்டிருக்கலாம். விடவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "பேடவா?" என்று கேட்டார். வேண்டாமா?

"ஈக பேடா மாமா. பரீக்ஷெ ஆகலி." இப்போது வேண்டாம், பரீட்சை முடியட்டும்.

அந்த நேரத்தில் எதிர் ஜமக்காளத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நனகூ பலவந்தானே சார்."

மாப்பிள்ளை! எனக்கும் கட்டாயம்தான் என்கிறார். அதுவும் சுத்தமான அடுகோடிக் கன்னடத்தில். அடுகோடியில் குடியிருந்து, பட்டறைக்காரர்களோடு டீ குடித்துப் பழகியவருக்குக் கன்னடம் தெரியாமல் இருக்குமா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் சொன்னதெல்லாம் அந்த அழகான காதில் விழுந்திருக்கிறது.

மாமா என் விரலை விடாமலே மளமளவென்று நகர்ந்து போய் அவருடைய இடது பெருவிரலையும் பிடித்துக்கொண்டார். ஒரு கையில் நான், ஒரு கையில் அவர். விசாரணை தொடர்ந்தது. எல்லாம் கன்னடத்தில். அவருக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. நண்பர்கள் மூன்று பேரோடு ஒரே அறையில் ஒரே ஸ்டவ். எங்கே கொண்டுபோய்ப் பெண்டாட்டியை வைப்பது? தன் அப்பாவிடம் சொன்னால் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்தான் படிப்பை விட்டுவிட ஆசைப்படுகிறாள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"சுள்ளு!" என்றேன் நான். பொய்! தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தே சொன்னேன். அவரும் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் முதல்முதலாகப் பேசிக்கொண்டது அப்படித்தான், இரண்டு குடும்பமும் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் ஓய்வு பெற்ற சப் ரிஜிஸ்தரார் ஒருவர் விரல்களைப் பிடித்துக்கொண்டிருக்க. எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. அவருக்கும்.

"பரீக்ஷெ முகித மேலெ ஆதரெ?" என்று மாமா கேட்டார். பரீட்சை முடிந்தபிறகு என்றால்?

"இஷ்ட" என்றார் அவர்.

"இஷ்ட" என்றேன் நான்.

நீங்க சாட்சிங்க

மாமா எங்கள் விரல்களை விட்டார். பத்திரிகையை மடித்தார். தமிழில், அதே ஆபீஸ் குரலில் சொன்னார்.

"தேதியைத் திருத்தணும். தை வேணாம், வைகாசி. தைன்னா ரெண்டு தரப்பும் ஒப்புக்கல."

வேலூர்க்காரரின் கட்டிய கை அவிழ்ந்தது. "எந்த ரெண்டு தரப்புங்க? நானும் சம்பந்தியும் ஒத்துக்கினுதானே எழுதினோம்?"

"நீங்க ரெண்டு பேரும் சாட்சிங்க" என்றார் மாமா. "எழுதிக் குடுக்கறவங்க இவங்க ரெண்டு பேரு."

வேலூர்க்காரர் எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். துண்டு தோளுக்குப் போனால் அடுத்தது கால் வாசலுக்குப் போகும். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். போயிற்று, எல்லாம் என்னால் போயிற்று என்று நான் நினைத்தேன். என் பரீட்சைக்காக அந்தக் காதை இழக்கப் போகிறேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது; எவ்வளவு பிடித்துப்போயிருந்தது என்று இழக்கும்போதுதான் தெரிந்தது.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளையின் அம்மா, தலை குனிந்தபடியே, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"சாட்சிதானே. உக்காருங்க."

வேலூர்க்காரர் தன் மனைவியைப் பார்த்தார். எஸ்தர் டீச்சரைப் பார்த்தார். "இதுவும் முறைதானா?"

"ஆமாங்க" என்றார் டீச்சர். இரண்டாவது பொய்.

முறை என்றால் முறைதானே. உட்கார்ந்துவிட்டார்.

மேளத்தை நிறுத்தியவர்

பரீட்சை எழுதினேன். தேறினேன். அடுகோடியில் வீடும் கிடைத்தது, தண்ணீர்க் குழாய் வாசலில்.

வைகாசிக் கல்யாணத்தில் மாமா வாய் திறப்பதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தார். கை சும்மா இருந்தால் வாய் பேசும் என்று இரண்டு கையிலும் அட்சதையை வைத்துக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு மேடை ஓரமாக நின்றார். தாலி எடுத்தாயிற்று. மேளம் உச்சத்துக்குப் போயிற்று.

"நிறுத்துங்க!" என்று ஒரு சத்தம். வேலூர்க்காரர்.

"உங்க ஊரு முறை ஒண்ணு செய்யாம வுட்டீங்களே! வெரலைப் பிடிச்சுக் கேக்கணுமே! பெரியவரே, வாங்க!"

மாமா அவசரமாக வெற்றிலையை விழுங்கினார். அட்சதை பாதி கீழே கொட்டியது. என் விரலைப் பிடித்தார். இந்த முறை அவருடைய விரல்தான் ஜில்லென்று இருந்தது. கேள்வியைக் கேட்டார். நான் நாதஸ்வரக்காரருக்குக் கேட்கும்படி, "ஸ்வந்த இஷ்ட!" என்றேன். பக்கத்திலிருந்தவர், அவரைக் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். அந்த அவசரத்தை வைத்து இன்றுவரை அவரைக் கிண்டல் செய்கிறேன்.

கடைசியாக ஒருவர்

அடுத்த அவரெக்காய் சீசனில் மாமனாரும் மாமியாரும் எங்கள் அடுகோடி வீட்டுக்கு வந்து தங்கினார்கள். ஒருநாள் காய் உரித்துக்கொண்டிருக்கும்போது மாமியார் மெதுவாகக் கேட்டார். "அது இன்னாம்மா, அன்னிக்கு உங்க மாமா கேட்டது? எனக்குத் தமிழ்ல சொல்லேன்."

சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்திவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களைப் பார்க்க வந்தார். மாமனார் கூடத்தில் உட்கார்ந்து உப்பிட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் சமையலறையிலிருந்து வந்தார். கையை முந்தானையில் துடைத்தார். மாமாவின் முன்னால் நின்று, இடது பெருவிரலை நீட்டினார்.

"என்னையும் ஒரு தபா கேளுங்கண்ணா."

மாமா எழுந்தார். சட்டையின் மேல் பித்தானைப் போட்டார். கண்ணாடியை மாட்டினார். அந்த விரலை, காய்க்கறை படிந்த அந்த விரலை, அவ்வளவு மரியாதையாகப் பிடித்தார். பிறகு மாமனார் பக்கம் திரும்பினார்.

"ஐயா கொஞ்சம் வெளிய இருக்கணும். பக்கத்துல ஆள் இருந்தா செல்லாது."

மாமனார் தட்டும் கையுமாக வாசலுக்குப் போனார். குழாயடியில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் கதவைச் சாத்தினார்.

"சொந்த இஷ்டத்தோடதானேம்மா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

மாமியாரின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கதவைப் பார்த்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாமனாரின் வழுக்கைத் தலையைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றேண்ணா" என்றார்.

கதவைத் திறந்ததும் மாமனார் பாய்ந்து வந்தார். "இன்னா சொன்னா? இன்னா சொன்னா?"

"அவகாசம் கேட்டிருக்காங்க" என்றார் மாமா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

மாமனார் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய், தன் தட்டைத் தானே கழுவிக் கொண்டுவந்து வைத்தார்.